மேரி மார்த்தா ஷெர்வுட்

மேரி மார்த்தா ஷெர்வுட் (மே 6, 1775 - செப்டம்பர் 22, 1851) ஓர் ஆங்கிலேயச் சிறுவர் இலக்கிய எழுத்தாளர் ஆவார். மனிதரின் தகுதியைக் கருதாது இறைவன் வழங்கும் அருளைக் கிறித்தவர்கள் கிருபை என்பர். இக்கருத்தைக் கதைகள் வழியே சிறுவர்களுக்குக் கற்பித்தவர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர். நானூறுக்கும் மேற்பட்ட ஆக்கங்களை எழுதியுள்ளார். இந்தியாவில் ஏறத்தாழ 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இளமை

இவர் இங்கிலாந்தின் வூஸ்டர்சயரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் பட் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குரு. அக்கால வழக்கப்படி, உடல் நிமிர்ந்து வளர்வதற்காகக் கழுத்தில் இரும்புப் பட்டையும் முதுகில் பலகையும் அணிந்தே மேரி பாடம் கற்றார். தந்தை 1795 இல் இறந்தபின் பிரிட்ஜ்நார்த் நகரில் தங்கையுடன் ஞாயிறு பள்ளியில் கற்பித்தார். அங்கு பயின்ற சிறுமியருக்காக எழுதிய சூசன் கிரே 1802 இல் வெளியானது. 1803 இல் தம் உறவினரும் படை அதிகாரியுமான ஹென்றி ஷெர்வுட்டை மணந்தார்.

இந்தியாவில்

1805 இல் கணவரின் படைப்பிரிவு இந்தியாவிற்கு அனுப்பப்பட்டது. மூத்த மகளை இங்கிலாந்தில் தாயிடம் விட்டுவிட்டு இவரும் உடன் சென்றார். தானாப்பூர், பெர்காம்பூர், கான்பூர், மீரட் முதலிய இடங்களில் வாழ்ந்தனர். இங்கு பிறந்த மகன் ஹென்றி 1807 இலும், மகள் லூசி 1808 இலும் இறந்தனர். இவ்விழப்புகள் இவரைச் சமயச் சிந்தனையில் ஆழ்த்தின. புதிய ஏற்பாட்டை இந்துஸ்தானியில் மொழிபெயர்த்த ஹென்றி மார்ட்டினின் நட்பு அதனை உறுதிப்படுத்தியது. பின்னர் பிறந்த மகனுக்கு அவர் பெயரையே சூட்டினார். படைவீரர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தியதோடு, பெற்றோரை இழந்த குழந்தைகளையும் எடுத்து வளர்த்தார்.

படைப்புகள்

சிறுவன் ஹென்றியும் அவனது பணியாளும் (1814) என்ற கதை இவருக்குப் பெரும்புகழ் தந்தது. பெற்றோரை இழந்த ஆங்கிலேயச் சிறுவன் ஒருவனை பூசி என்னும் இந்தியப் பணியாள் வளர்க்கிறான். கிறித்தவத்தை அறிந்துகொள்ளும் சிறுவன் அதைப் பணியாளுக்கும் கற்பித்து, இளவயதிலேயே இறக்கிறான். இக்கதை இந்துஸ்தானி, சீனம், சிங்களம் உட்படப் பல மொழிகளில் வெளிவந்தது.

ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி இந்தியப் பயணி (1818) என்ற நூலை எழுதினார். அதே மூலத்தைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பிற்காலத்தில் தமிழில் இரட்சணிய யாத்திரிகம் (1894) இயற்றினார்.

கருத்து மாற்றம்

ஃபேர்சைல்ட் குடும்ப வரலாறு நூலின் முதற்பகுதி 1818 இல் வெளியானது. மனிதர் பிறவியிலேயே பாவிகள், கிருபை இன்றி மீட்பில்லை என்பது அதன் அடிப்படை. சண்டையிட்ட பிள்ளைகளைத் தந்தை அழைத்துச் சென்று, உடன்பிறந்தவனைக் கொன்றவனின் தூக்கிலிடப்பட்ட உடலைக் காட்டும் காட்சி அதில் உண்டு. பிற்காலப் பதிப்புகள் பலவற்றில் இக்காட்சி நீக்கப்பட்டது.

காலப்போக்கில் ஷெர்வுட்டின் சமயக் கருத்துகள் மாறின. சிலருக்கு மட்டுமன்றி, மனிதர் அனைவருக்கும் மீட்பு உண்டு என்ற நம்பிக்கைக்கு வந்தார். இதே நூலின் இரண்டாம் (1842), மூன்றாம் (1847) பகுதிகளில் முன்பிருந்த கடுமை குறைந்து காணப்படுகிறது.

இறுதிக்காலமும் மதிப்பீடும்

முதுமையில் எபிரேய மொழி கற்று, விவிலியக் குறியீடுகளுக்கான அகராதி ஒன்றைக் கணவருடன் தொகுத்தார். கணவர் 1849 இல் மறைந்தார். ஷெர்வுட் 1851 இல் டுவிக்கன்காமில் காலமானார்.

இவரது இந்தியக் கதைகள் இந்தியரையும் அவர்தம் சமயங்களையும் தாழ்வாகக் காட்டுகின்றன என ஆய்வாளர் சுட்டுவர். எனினும், சிறுவர் இலக்கியத்தில் அச்சத்திலிருந்து அருளை நோக்கி ஏற்பட்ட மாற்றத்தை ஒரே எழுத்தாளரின் நூல்களில் காண முடிவது இவரது தனிச்சிறப்பாகும்.