லண்டனை இரவில் நடந்த டிக்கன்ஸ்

1824 பெப்ரவரியில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் லண்டனின் வடக்கேயுள்ள கேம்டன் டவுனிலிருந்து தேம்ஸ் நதிக்கரைக்குத் தினமும் தனியே நடந்து வேலைக்குப் போகத் தொடங்கினான். ஹங்கர்போர்ட் படித்துறை ஓரமாக, எலிகள் ஓடித்திரிந்த பழைய கட்டடம் ஒன்றில் சப்பாத்து மை செய்தார்கள். மைச் சாடிகளின் வாயைக் காகிதத்தால் மூடி, நூலால் கட்டி, லேபிள் ஒட்டுவது அவன் வேலை. கூலி வாரத்துக்கு ஆறோ ஏழோ ஷிலிங்.

அதே மாதம் தந்தை ஜோன் டிக்கன்ஸ், பேக்கரிக்காரர் ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய 40 பவுண் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். சில வாரங்களில் தாயும் சின்னப் பிள்ளைகளும் அங்கேயே குடிபோனார்கள். அந்தக் காலத்தில் கடனாளியின் குடும்பமும் சிறைக்குள் வசிக்கலாம். சார்ள்ஸ் மட்டும் வெளியே நின்றான். வேலைத்தலம், வாடகை அறை, சிறை வாசல் என்று அவனுடைய நாட்கள் நடையிலேயே கழிந்தன. லண்டனை அவன் அறிந்துகொண்டது இப்படித்தான்.

மூன்று மாதங்களில் தந்தை விடுதலையானார். ஆனாலும் மகன் மை வேலையைத் தொடரட்டும் என்று தாய் விரும்பினார். தந்தைதான் பாடசாலைக்கு அனுப்பினார். தாயின் அந்த விருப்பத்தை டிக்கன்ஸ் கடைசிவரை மறக்கவில்லை.

பின்னர் பத்திரிகை நிருபரானார். தெருக்களைப் பற்றிய சித்திரங்களே அவருடைய முதல் நூலாக 1836இல் வந்தன. புகழும் பணமும் வந்த பிறகும் நடையை விடவில்லை. 1843இல் 'எ கிறிஸ்மஸ் கரோல்' கதையை மனதில் உருவாக்கியபடியே, ஊர் உறங்கிய பின் பதினைந்து, இருபது மைல் நடந்தார். மணிக்கு நான்கு மைல் அவருடைய வேகம். கூட நடக்க வந்த நண்பர்கள் பாடு திண்டாட்டம்தான்.

தூக்கம் வராத இரவுகளில் விடியும்வரை சுற்றினார். அந்த அனுபவத்தை 1860இல் கட்டுரையாக எழுதினார். வாட்டர்லூ பாலத்தில் சுங்கக் காசு வாங்குபவர், நியூகேட் சிறையின் கருங்கல் மதில், மனநோயாளர் மருத்துவமனை, கொவன்ட் கார்டன் சந்தையில் அதிகாலைக் கோப்பி எல்லாம் அதில் உண்டு. தன்னையும் வீடற்றவர்களில் ஒருவராகவே வைத்து எழுதினார். வசதியான வீடு இருந்தவருக்கு அது கொஞ்சம் அதிகம் என்று சொல்லலாம். ஆனால் அந்த நிலைக்கு மிக அருகே ஒருமுறை நின்றவர் அவர்.

1857 ஒக்டோபரில் இல்லற வாழ்வு முறிந்துகொண்டிருந்தபோது, அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து, லண்டன் வீட்டிலிருந்து கென்டிலுள்ள கேட்ஸ் ஹில் வரை முப்பது மைல் நடந்தார். அடுத்த ஆண்டு மனைவியைப் பிரிந்தார். பத்துப் பிள்ளைகளைப் பெற்ற கத்தரீனை அவர் நடத்திய விதத்துக்கு எந்த நியாயமும் இல்லை. 1865இலிருந்து இடது கால் வீங்கி நோவெடுத்தது. 1870 ஜூன் 9இல், 58 வயதில் காலமானார்.

சப்பாத்து மைக் கதையை அவர் வெளியே சொல்லவேயில்லை. 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' நாவலில் அதை வைன் களஞ்சியமாக மாற்றி எழுதியபோதும் வாசகர்களுக்குத் தெரியவில்லை. அவர் இறந்த பின்பு, நண்பர் ஜோன் போர்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் அது வெளிவந்தது. நகரம் முழுவதையும் நடந்து பார்த்தவர், பழைய ஹங்கர்போர்ட் சந்தை இடிக்கப்படும்வரை அந்தப் படித்துறைப் பக்கம் போகத் துணியவில்லை. ஸ்ட்ரான்ட் வீதியில் மைக் கடை ஒன்றை நெருங்கினால், தக்கைகளில் பூசிய பசையின் மணம் மூக்கில் படாதிருக்க, வீதியைக் கடந்து மறுபக்கத்தால் நடந்து போனார்.