பாரந்தூக்கி செய்தவரின் பீரங்கி

மீள்குடியேறிய பின், எங்கள் காணியில் இடிந்து கிடந்த சுவர்களை அள்ள ஒரு பெக்கோ வந்தது. அதன் கையை மடக்கி நீட்டும் பளபளத்த தண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வித்தையைத் துறைமுகங்களுக்குக் கொண்டுவந்தவர் ஓர் ஆங்கிலேயச் சட்டத்தரணி என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன்.

வில்லியம் ஆம்ஸ்ட்ரோங் 1810இல் நியூகாசிலில் பிறந்தவர். தூண்டில் போடப் போன இடத்தில் நீர்ச்சக்கரம் ஒன்றைக் கண்டார். விழும் நீரின் பலத்தில் பெரும்பகுதி வீணாவது அவரை உறுத்தியது. 1840களில், நகரக் குடிநீர்க் குழாயின் அழுத்தத்தைக் கொண்டே ஆற்றுத்துறையில் ஒரு பாரந்தூக்கியை இயக்கிக் காட்டினார். 1847இல் தொழிற்சாலை தொடங்கினார்.

அடைபட்ட நீரின் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும். பம்பியின் தண்டைவிடப் பத்து மடங்கு பரப்புள்ள தண்டை அது தள்ளினால் விசையும் பத்து மடங்கு. ஆனால் அந்தத் தண்டு பத்திலொரு பங்கு தூரமே நகரும். சும்மா எதுவும் கிடைப்பதில்லை. உயரமான தண்ணீர்த் தாங்கி கட்ட முடியாத மணல் நிலத்துக்கு அவர் கண்ட வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நிமிர்ந்த உருளையில் நீரை ஏற்றி, மேலே பெரும் பாரத்தை உட்கார வைத்தார். பம்பி மெதுவாக நிரப்பும். தேவைப்படும்போது பாரம் நீரை அழுத்தித் தள்ளும். அதிலிருந்து குழாய் இழுத்துப் பாரந்தூக்கி, துறைமுகக் கதவு, பாலம் என எதையும் இணைக்கலாம். பம்பி, வால்வு, உருளை எல்லாம் தனித்தனிப் பாகங்கள். பழுதானதை மட்டும் கழற்றி மாற்றலாம். 1894இல் திறந்த லண்டன் டவர் பிரிட்ஜை 1970கள் வரை தூக்கியவை அவருடைய கம்பனியின் நீர் இயந்திரங்களே. பெக்கோவில் நீருக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான்.

கிரிமியப் போரில் கனத்த பீரங்கிகளை இழுக்கப் படையினர் பட்ட பாட்டை அறிந்ததும், இலேசான பீரங்கி ஒன்றைச் செய்தார். அது எறிகணையைச் சுழற்றித் தூரத்துக்குக் குறி தவறாமல் அனுப்பியது. காப்புரிமையை அரசுக்குக் கொடுத்து 1859இல் சேர் பட்டம் பெற்றார். அரசு கொள்வனவை நிறுத்தியதும், அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரு தரப்புக்கும் அவருடைய கம்பனி விற்றது. செய்து கொடுப்பது பொறியியலாளரின் வேலை, பாவிப்பவரே பொறுப்பாளி என்பது அவர் நிலைப்பாடு. பங்கருக்குள் இருந்து எறிகணைகளை எண்ணிய எனக்கு அதை ஏற்க முடியவில்லை. அந்தப் பெக்கோ இல்லாமல் எங்கள் வீட்டு அத்திவாரத்தையும் கண்டிருக்க முடியாது.

1900 டிசெம்பரில், 90 வயதில் அவர் காலமானார்.

அன்று வாளி இறங்கிய இடத்தில் துருப்பிடித்த எறிகணை ஒன்று தெரிந்தது. சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்து ஓடினார். கண்ணிவெடி அகற்றுபவர்கள் வரும்வரை, எண்ணெய் உள்ளே அடைபட்டிருந்ததால், பெக்கோவின் கை அந்தரத்திலேயே நின்றது.