மேய்ப்பர்களை உருவாக்கிய மேய்ப்பர்: புனித யோசேவாஸ் அடிகளார்

பொன்விழாக் காணும் ஒரு பங்கிலே கோவிலைக் கட்டியெழுப்பிய குருக்களையும், நிலம் ஈந்தவர்களையும், மணி வாங்கித் தந்தவர்களையும் நாம் நன்றியோடு நினைவுகூருகிறோம். அது முறையே. ஆனால் குருவானவர் வர இயலாத நாட்களில் கோவிற் கதவைத் திறந்து, செபமாலை சொல்லி, சிறுவர்களுக்கு ஞானோபதேசம் கற்பித்து, மரணப் படுக்கையில் இருந்தவர் அருகே அமர்ந்து செபித்த எத்தனையோ பேரின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் இல்லையேல் நம் முன்னோரின் விசுவாசம் நம் கைக்கு வந்து சேர்ந்திராது.

இத்தகைய மக்களைத் தேடிப் பிடித்து, பயிற்றுவித்து, பொறுப்பை அவர்கள் கையில் ஒப்படைத்து, அதன் வழியாக அழிந்துபோகவிருந்த ஒரு திருச்சபையையே காப்பாற்றியவர் புனித யோசேவாஸ் அடிகளார். இலங்கையின் அப்போஸ்தலர் என்று போற்றப்படும் இப்புனிதரின் வரலாற்றை நம் விழா மலரில் சிறிது தியானிப்போம்.

கோவாவில் ஓர் இளம் குரு

1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவா நாட்டிலுள்ள பெனாவுலிம் என்னும் ஊரில், தம் தாயாரின் இல்லத்தில் அவர் பிறந்தார். தந்தையாரின் ஊர் சங்குவாலே. பக்தியுள்ள பெற்றோரிடம் வளர்ந்த சிறுவன், போர்த்துக்கீசமும் இலத்தீனும் கற்று, பின்னர் கோவா நகரில் இயேசு சபையாரிடத்தும் தொமினிக்கன் சபையாரிடத்தும் உயர்கல்வி பெற்று, 1676-ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு, தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். அந்நாள் முதல் அவர் கையிலிருந்து செபமாலை விலகியதேயில்லை.

சங்குவாலேயில் மாணவர்களுக்கு இலத்தீன் பள்ளி ஒன்றை நடத்தினார். 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டுக் கரையில், மங்களூர், குந்தாப்பூர் முதலிய இடங்களில் குருக்களின்றித் தவித்த கத்தோலிக்கரிடையே உழைத்தார். கோவாவிற்குத் திரும்பிய பின், 1685-ஆம் ஆண்டு, சில இந்தியக் குருக்கள் ஒன்றுகூடி வாழ்ந்த சிறு குழுவில் சேர்ந்தார். இந்தியருக்குத் துறவற சபைகளின் வாயில்கள் எளிதில் திறவாத காலம் அது. அக்குழுவினர் அவரையே தலைவராகத் தேர்ந்தனர். புனித பிலிப்பு நேரியாரின் ஒராத்தோரிய ஒழுங்கை அவர் அவர்களுக்கு அளித்தார். ஒருமித்துச் செபித்து, கற்று, ஒருவரையொருவர் வேதபோதகப் பணிக்கு ஆயத்தம் செய்யும் இல்லமாக அது வளர்ந்தது. பிற்காலத்தில் இலங்கைக்கு ஆட்களை அனுப்பிய ஊற்று இதுவே. ஆதலால், யோசேவாஸ் அடிகளார் இலங்கைக்குக் கப்பல் ஏறுமுன்பே தமக்குப் பின் வரக்கூடியவர்களுக்கு ஒரு நாற்றங்காலை அமைத்துவிட்டார் எனலாம்.

மேய்ப்பரில்லாத தீவு

அந்நாளில் இலங்கையின் நிலை என்ன? ஒல்லாந்தர் 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். குருக்களுக்குப் புகலிடம் தருவோர்க்குக் கொடிய தண்டனை என்று பறை சாற்றப்பட்டது. கோவில்கள் கல்வின் சபையாரின் கைக்கு மாறின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற ஒரு தலைமுறை முதுமையடைந்தது. குருவானவரையே கண்டிராத மறு தலைமுறை வளர்ந்தது.

இச்செய்தி அடிகளாரின் உள்ளத்தை உருக்கியது. தலைமைப் பொறுப்பைத் துறந்து, 1686-இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். அவருடன் யோவான் என்னும் உண்மையுள்ள ஊழியரும் சென்றார். நம் தூத்துக்குடிக்கு வந்து, தாம் தேடிச் சென்ற மக்களோடு அவர்கள் மொழியிலேயே பேச வேண்டுமென்று தமிழைக் கற்றார். 1687-இல் பாஸ்குத் திருநாட் காலத்தில், கூலியாள் போல உடையணிந்து மரக்கலம் ஏறினார். காற்றில் அலைக்கழிந்த பயணம் மன்னார் வழியாக அவரை யாழ்ப்பாணத்தில் கொண்டு சேர்த்தது. அங்கே கடும் வயிற்றுக்கடுப்பு நோயால் சாகும் தறுவாயை அடைந்தார். இரக்கமுள்ள ஒரு பெண்மணி கொடுத்த கஞ்சியே அவரைப் பிழைக்கச் செய்தது என்பர்.

நோய் தணிந்ததும் கழுத்தில் செபமாலையைத் தரித்துக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். உணவு அவர் நோக்கமன்று; அச்செபமாலையைக் கண்டு யார் முகம் மலர்கிறது என்று பார்த்தார். இவ்வாறு ஒரு குடும்பம், அதன்வழி மற்றொரு குடும்பம் என்று மறைந்திருந்த விசுவாசிகளை அறிந்துகொண்டார். சில்லாலை ஊரார் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். அவ்வூரிலிருந்து இரவு நேரங்களில் சுற்றுப்புறங்களுக்குச் சென்று, பாவசங்கீர்த்தனம் கேட்டு, ஞானஸ்நானம் கொடுத்து, விடியுமுன் திருப்பலி நிறைவேற்றி மறைந்து விடுவார்.

1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவில் ஒல்லாந்தப் போர்வீரர் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் கூடியிருந்த இடங்களில் புகுந்தனர். பலர் சிறைப்பட்டனர். அவர்களில் முதன்மையானோர் சாட்டையடி பட்டு, வன்மையான வேலைக்கு அனுப்பப்பட்டனர். அடிகளார் தப்பினார். ஆனால் அந்த இரவு நமக்கும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. குருவானவர் ஒருவரே ஒரு திருச்சபையின் மூச்சாக இருந்தால், அவர் பிடிபடும் நாளில் அத்திருச்சபை என்னவாகும்?

மூப்பரும் அண்ணாவியாரும்

இக்கேள்விக்கு அடிகளார் தம் செயலாலேயே விடையளித்தார். எவ்வூரில் விசுவாசிகளைக் கூட்டினாரோ, அவ்வூரிலேயே நல்லொழுக்கமும் துணிவும் உள்ள பொதுநிலையினரைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பளித்தார். மூப்பர் என்பவர் அவ்வூர்ச் சபையின் தலைவர். கோவிலின் காரியங்களைக் கவனிப்பவர். அண்ணாவியார் என்பவர் செபங்களை நடத்தி, ஞானோபதேசம் கற்பிப்பவர். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வதும், ஆபத்து வேளையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், மரிப்பவர்களுக்கு உத்தம மனஸ்தாபச் செபம் சொல்லித் தேற்றுவதும், இறந்தோரை அடக்கம் செய்வதும் இத்தகையோரின் கடமையாயின. குருவானவர் ஆண்டுக்கு ஒரு முறை வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். செபம் மட்டும் நிற்கலாகாது.

அண்ணாவியார் என்னும் சொல்லை நாம் நன்கு அறிவோம். நாட்டுக்கூத்தைப் பழக்குபவரை நம் மக்கள் அப்பெயரால் அழைப்பர். கூத்தில் அண்ணாவியார் எல்லாப் பாத்திரங்களையும் தாமே ஆடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் பாட்டையும் அடவையும் சொல்லிக் கொடுத்து, மேடையில் அவர்களை ஆடவிட்டு, தாம் தாளத்தோடு ஓரமாய் நிற்பார். இன்று ஆடக் கற்றவர் நாளை வேறு ஊரில் அண்ணாவியாராவார். அடிகளாரின் வழியும் இதுவேயாகும்.

கண்டியில் சிறையும் விடுதலையும்

யாழ்ப்பாணத்தில் தேடுதல் கடுமையாகவே, 1690-ஆம் ஆண்டு கண்டி அரசருக்குரிய புத்தளம் பகுதிக்குச் சென்றார். 1692-இல் கண்டி மாநகரை அடைந்தபோது, போர்த்துக்கீசரின் ஒற்றர் என்று பொய்க்குற்றம் சாட்டப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். சிறையையும் அவர் வீணாக்கவில்லை. அங்கேயே சிங்கள மொழியைக் கற்றார். காவல் தளர்ந்தபோது அவ்விடத்திலேயே சிறு பீடம் அமைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். அந்நகரில் வாழ்ந்த கத்தோலிக்கர் மெல்ல மெல்ல அவரிடம் வந்து சேர்ந்தனர். அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர் பௌத்த சமயத்தவர். எனினும் அடிகளாரின் தூய வாழ்வைக் கண்டு நாளடைவில் நன்மதிப்புக் கொண்டார். கடும் பஞ்ச காலத்தில் அடிகளார் செபித்தபோது மழை பொழிந்தது என்றும், அதனால் அரசர் மனமிரங்கினார் என்றும் பக்தியுள்ள மரபு கூறுகிறது.

இலங்கைக்கு வந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அவர் ஒருவரே அத்தீவு முழுவதற்கும் குருவானவர். 1697-இல்தான் கோவாவின் ஒராத்தோரிய இல்லத்திலிருந்து துணைக் குருக்கள் வந்தனர். யோசே தெ மெனேசஸ் அடிகளார் புத்தளத்தில் பணியேற்றார். அடிகளாரின் உறவினரான யோசே கர்வாலோ அடிகளார் கண்டிக்கு வந்தார். அவ்வாண்டே கண்டியில் பெரியம்மை பரவியது. அரசரும் பெருமக்களும் நகரை விட்டு நீங்கினர். பெற்ற பிள்ளைகளையே மக்கள் கைவிட்டு ஓடினர். இவ்விரு குருக்களும் அங்கேயே தங்கி, சாதி சமயம் பாராமல் நோயாளரைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தனர். புதிதாக வந்த இளம் குருவானவருக்கு அடிகளார் அளித்த முதற் பயிற்சி இதுதான். சொல்லிக் கொடுத்ததை விடச் செய்து காட்டியதே மிகுதி. அதன் பின் அரசர் அவருக்கு நாடெங்கும் தடையின்றிப் பணிபுரிய உரிமை தந்தார்.

தாம் சிறுக, பிறர் பெருக

மேலும் குருக்கள் வந்தனர். அடிகளார் தீவைப் பல பகுதிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரிடம் ஒப்படைத்தார். 1705-இல் வந்தவர்களில் ஒருவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவாவைச் சேர்ந்த திவார் தீவிற் பிறந்த அவருக்கு மொழித்திறன் மிகுதி என்பதைக் கண்டு, சிங்களத்தையும் தமிழையும் ஆழ்ந்து கற்று நூல் இயற்றும் பணியில் அவரை ஈடுபடுத்தினார். கொன்சால்வெஸ் அடிகளார் 1742-இல் இறக்கும் வரை முப்பத்தேழு ஆண்டுகள் அத்தீவிலேயே உழைத்து, இரு மொழிகளிலும் பல நூல்களை அருளினார். ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே இராகத்தோடு வாசிக்கப்பட்டு வருவது. அதன் பயனைச் சற்று எண்ணிப் பார்ப்போம். குருவானவர் இல்லாத ஊரிலும் எழுத்தறிந்த ஒருவர் அந்நூலை விரித்தால், அங்கே பிரசங்கம் ஒலிக்கும், கேட்போர் கண்கலங்குவர். அண்ணாவியாரைக் கொடுத்தவர், அவர் கையிற் கொடுக்க நூலுக்கும் வழி செய்தார்.

ஆயர் பதவி தம்மைத் தேடி வந்தபோது அடிகளார் அதனைத் தாழ்மையோடு விலக்கினார். இறுதி ஆண்டுகளில் உடல் தளர்ந்தபோதும் சிற்றூர்களுக்கு நடந்து செல்வதை விடவில்லை. 1711-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள், தம் 59-ஆம் வயதில், கண்டியில் இறைவனடி சேர்ந்தார்.

சோதனையும் கனியும்

அவர் வேலையின் மெய்யான சோதனை அவர் இறந்த பின்பே வந்தது. 1740-களில் கண்டி அரசிலிருந்தும் ஒராத்தோரியக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கரையோரங்களில் ஒல்லாந்தரின் தடை தொடர்ந்தது. அடிகளாரின் கல்லறை இருந்த கோவிலும் அழிந்தது. அவர் உடல் கிடக்கும் இடம் இன்னதென்று காட்ட ஒரு கல்லும் எஞ்சவில்லை. எனினும் விசுவாசம் அழியவில்லை. கோவாக் குருக்கள் இரகசியமாக வந்து போயினர்; அவர்கள் வராத காலங்களில் மூப்பரும் அண்ணாவியாரும் செபத்தை நடத்தினர். தந்தை கற்றதை மகனுக்கும், பாட்டி கற்றதைப் பேரப்பிள்ளைக்கும் சொல்லி வைத்தனர். 1796-இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கி ஆங்கிலேயர் வந்தனர். 1806-இல் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீக்கப்பட்டன. அன்று வெளிச்சத்திற்கு வந்தது ஓர் உயிருள்ள திருச்சபை. 1834-இல் இலங்கை தனி மறைமாநிலமாக்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராக நியமிக்கப்பட்டவரும் ஓர் ஒராத்தோரியரே.

1995-ஆம் ஆண்டு சனவரி 21-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு, கொழும்பு காலி முகத்திடலில் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். சனவரி 16 அவர் திருநாள்.

அன்பார்ந்த பங்கு மக்களே! நமக்கு ஒல்லாந்தரின் சாட்டை இல்லை. கோவில் மணி தடையின்றி ஒலிக்கிறது. திருப்பலியும் குறைவின்றி நடக்கிறது. ஆயினும் சில கேள்விகள் நம் முன் நிற்கின்றன. ஞானோபதேச வகுப்பை ஆண்டாண்டாக நடத்தி வரும் ஆசிரியைக்கு அருகில் அமர்ந்து பழகும் இளம்பெண் யார்? பாடற்குழுவை நடத்தும் பெரியவர் தம் சுரங்களை எவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்? வீட்டில் மாலைச் செபத்தைத் தொடங்கும் குரல் எப்போதும் தாயின் குரலாகவே இருந்தால், பிள்ளை என்று தொடங்கும்? எப்பணியாயினும் நன்றாகச் செய்வது ஒரு புண்ணியம்; மற்றொருவர் அதனைச் செய்யும்படி கற்பித்து, அவர் செய்யும்போது மனமகிழ்ந்து ஒதுங்கி நிற்பது அதனினும் பெரிய புண்ணியம். இவ்விழா ஆண்டிலே நம்மில் ஒவ்வொருவரும் நமக்குப் பின் வரும் ஒருவரைக் கைப்பிடித்துப் பழக்குவோமாக. அப்போது இப்பங்கின் நூற்றாண்டு விழாவில் நம் பெயர் நினைவிலில்லாவிடினும், நாம் சொல்லிக் கொடுத்த செபம் ஒலித்துக்கொண்டிருக்கும்.

புனித யோசேவாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.