ஐராம் பெர்சி மாக்சிம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் புரூக்ளின் என்னும் நகரில் 1869ஆம் ஆண்டு ஐராம் பெர்சி மாக்சிம் பிறந்தார். இயந்திரத் துப்பாக்கியை இயற்றிப் பெயர் பெற்றவர் இவருடைய தந்தையார். மைந்தரோ, துப்பாக்கி வெடிக்கும் ஓசையை அடக்கும் கருவியைக் கண்டுபிடித்தார்! ஆயினும் அவர் பெயர் நிலைத்திருப்பது வேறொரு தொண்டினால்.

அந்நாளில் இளைஞர் பலர் கம்பியில்லாத் தந்திக் கருவிகளை வீட்டிலேயே அமைத்துச் செய்தி அனுப்பி மகிழ்ந்தனர். ஊதியம் கருதாது விருப்பத்தினால் இவ்வாறு பழகுவோரை அமெச்சூர் என்பர். அவர்கள் அனுப்பிய குறிகள் கப்பல்களின் செய்திகளோடு கலந்து இடையூறு விளைத்தன. ஆகவே அரசாங்கம் 1912இல் ஒரு சட்டம் இயற்றியது. அமெச்சூர்கள் உரிமம் பெறவேண்டும். சிறப்பு அனுமதியின்றி 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தைக் கையாளலாகாது. மின்னாற்றல் 1 கிலோவாட்டுக்கு மிகலாகாது என்று அச்சட்டம் விதித்தது. நீண்ட அலைகளே நெடுந்தொலைவு செல்லும் என்று அறிஞர் நம்பிய காலம் அது. விளைச்சலுக்கு உதவாத கரம்பை ஏழை உழவனுக்கு ஒதுக்கியது போன்றதே இவ்வேற்பாடு.

மாக்சிம் ஹார்ட்போர்டு நகரில் தம் நிலையத்தை அமைத்திருந்தார். 1914இல், ஸ்பிரிங்பீல்டு நகரத்து அமெச்சூர் ஒருவரிடம் வால்வு ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்வியுற்று, அவரை அழைத்தார். இடைத்தொலைவு 30 மைல்கூட இல்லை. எனினும் குறிகள் எட்டவில்லை. இடைவழியிலிருந்த வேறோர் அமெச்சூர் செய்தியை வாங்கி அப்பால் அனுப்பினார். இவ்வாறு ஒருவர்க்கொருவர் கைமாற்றினால் நாடு முழுவதும் செய்தி செல்லுமன்றோ என்னும் எண்ணம் மாக்சிமின் உள்ளத்தில் உதித்தது. கிளாரன்ஸ் டஸ்கா என்னும் இளைஞரின் துணையோடு அவ்வாண்டே அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்னும் சங்கத்தை நிறுவினார்.

1917இல் அமெரிக்கா போரில் இறங்கவே, அமெச்சூர் நிலையங்கள் யாவும் மூடப்பட்டன. போர் முடிந்த பின்னரும் தடை நீங்கவில்லை. வானொலி முழுவதையும் கடற்படையின் ஆட்சியில் வைக்கும் மசோதாவும் காங்கிரசின் முன் வந்தது. அது நிறைவேறியிருப்பின் அமெச்சூர் என்னும் இனமே மறைந்திருக்கும். மாக்சிம் குழுவின் முன் சென்று வாதாடினார். உறுப்பினர்கள் கடிதங்களைக் குவித்தனர். மசோதா கைவிடப்பட்டது. 1919 அக்டோபரில் நிலையங்கள் மீண்டும் ஒலித்தன.

அதன்பின் கரம்பு நிலம் பொன் விளைந்தது! 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் குறிகள் ஸ்காட்லாந்தில் கேட்டன. 1923இல், 200 மீட்டரில் ஏறத்தாழப் பாதி நீளமே உடைய அலைகளால் பிரான்சு நாட்டு அமெச்சூர் ஒருவரோடு அமெரிக்கர் இருவழியும் உரையாடினர். வானத்தின் மேலடுக்கிலிருந்து திரும்பி வருதலால் சிற்றலைகள் கடல் கடக்கின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உடனே வணிக நிறுவனங்களும் அரசுகளும் அவ்வலைகளை நாடின. 1925இல் பாரிசில் தோன்றிய உலக அமெச்சூர் சங்கத்திற்கு மாக்சிமே முதல் தலைவரானார். 1927இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு 160, 80, 40, 20, 10 மீட்டர் ஆகிய அலைவரிசைகளில் அமெச்சூர்களுக்கு இடம் அளித்தது. முன்பிருந்த பரப்புக் குறுகியது, உரிமையோ உறுதியாயிற்று.

மாக்சிம் 1936இல் மறைந்தார். 1951இல் அமெரிக்க அரசு தொடக்கநிலையினர்க்கெனத் தனி உரிமம் வகுத்தபோது, 80 மீட்டர் வரிசையில் 3,700 முதல் 3,750 கிலோஹெர்ட்சு வரை அவர்களுக்கு மோர்சு முறையில் பழக இடம் கிடைத்தது, ஆற்றல் 75 வாட்டு, காலம் ஓராண்டு. மாக்சிமின் அழைப்புக் குறியான டபிள்யூ 1 ஏ டபிள்யூ என்பதைச் சங்கத்தின் நிலையம் ஏற்றுக்கொண்டது. புதிதாகப் பயில்வோர்க்காக மோர்சுக் குறிகளை மெல்ல மெல்ல அனுப்பும் பணியை அந்நிலையம் இன்றும் செய்து வருகிறது.