யோகான் கெப்ளர் சரித்திரமும் எண்ணின் இயல்பும்

காணப்படும் இவ்வுலகு உண்மையில் யாது என்னும் வினா எல்லா நாட்டினும் எல்லாக் காலத்தும் அறிஞரால் எழுப்பப்பட்டு வந்ததாகும். யவன நாட்டிலே பைத்தகோரசு என்பவரின் வழிவந்தோர் எண்ணே எப்பொருட்கும் மூலமென்றனர். நம் காலத்தே மாக்ஸ் டெக்மார்க் என்னும் இயற்பியல் அறிஞர், உலகம் கணிதத்தால் அளக்கப்படுவது மாத்திரமன்று, கணித அமைப்பே உலகமாம் என்று 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிற் சாதித்துள்ளார். உலகு மாயையினின்றும் தோன்றிய சடமென்றும், அஃது உள்பொருளே என்றும் கொள்ளும் சைவ சித்தாந்திகள் இக்கொள்கையை ஆராயாது விடுதல் தகாது. வறிதே தருக்கித்தலினும், இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் நெஞ்சிற் சுமந்த ஒரு பெரியாரது வரலாற்றின் வாயிலாக இதனை நோக்குதல் பயன்றருமெனக் கருதி, வானநூற் புலவர் யோகான் கெப்ளரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

கெப்ளர் ஜெர்மனி தேயத்து வைல் என்னும் சிறு நகரிலே 1571-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 27-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கூலிக்குப் போர் புரியும் வீரர். தம் மகன் இளைஞராயிருக்கும்போதே குடும்பத்தை விட்டகன்று மீண்டிலர். இளமையில் வந்த வைசூரி நோயால் கெப்ளரது கட்பார்வை குன்றிற்று. வான்மீன்களின் கணக்கைத் திருத்துதற்கென அமைந்தவர் அவற்றைச் செவ்வனே காணமாட்டாத கண்ணினரானது வியக்கத்தக்கதே. 1577-ஆம் ஆண்டில் தோன்றிய வால்மீனை அன்னையார் கத்தரீனா அவரை அழைத்துச் சென்று காட்டினார். பின்னர்ச் சமய குருவாதல் வேண்டி டூபிங்கன் சர்வகலாசாலையிற் பயின்றகாலை, மேஸ்ட்லின் என்னும் ஆசிரியர்பால், ஞாயிறு நடுவே நிற்பப் பூமியும் ஏனைக் கோள்களும் அதனைச் சுற்றுமென்னும் கொப்பர்நிக்கசின் கொள்கையைக் கற்றுத் தெளிந்தார். குருப்பட்டம் பெறுமுன்னரே, 1594-இல், கிராட்சு நகரத்துப் புரொட்டஸ்டண்டுப் பள்ளியிற் கணித ஆசிரியராக அமர்ந்தார்.

அங்கு 1595-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மாணாக்கர்க்கு ஒரு முக்கோண வரைவை எழுதிக் காட்டுங்கால் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. அக்காலத்து அறியப்பட்ட கோள்கள் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி என ஆறே. அவற்றினிடையே உள்ள வெளிகள் ஐந்து. எல்லா முகங்களும் ஒத்துச் சமனாயமைந்த திண்ம உருவங்களும் ஐந்தின் மிக்கில என்பது பண்டை யவனரால் நிறுவப்பட்டது. ஆதலின் சனிக்கும் வியாழனுக்கும் இடையே கனசதுரம், வியாழனுக்கும் செவ்வாய்க்கும் இடையே நான்முக உருவம், செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே பன்னிருமுக உருவம், பூமிக்கும் வெள்ளிக்கும் இடையே இருபதுமுக உருவம், வெள்ளிக்கும் புதனுக்கும் இடையே எண்முக உருவம் எனப் பொதிந்துவைத்தே இறைவன் உலகைச் சமைத்தான் என அவர் துணிந்தார். இக்கொள்கையை 1596-இல் நூலாக்கினார். கணித உருவங்கள் இறைவனுள்ளத்தே அநாதியாய் உள்ளன, அவற்றை மாதிரியாகக் கொண்டே உலகு படைக்கப்பட்டது என்பது அவர் இறுதிவரை விடாத நம்பிக்கையாகும்.

இவ்வமைப்பு பேரழகு வாய்ந்ததே. ஆயினும் கொப்பர்நிக்கசு தந்த தூரங்களோடு அஃது ஓரளவே பொருந்திற்று. குறை தம் கொள்கையின்கண்ணதோ கணிக்கப்பட்ட தூரங்களின்கண்ணதோ என அறிய அவர் அவாவினார். சிறந்த அளவுகளை உடையார் அக்காலத்து டைகோ பிராகி ஒருவரே. அவர் டேனிய நாட்டு ஹ்வேன் தீவிலே, தொலைநோக்கி தோன்றாத காலத்து, பெருங்கருவிகளை நிறுவி வெறுங்கண்ணால் இருபது ஆண்டளவும் கோள்களின் நிலையைக் குறித்து வைத்தவர். 1600-ஆம் ஆண்டில், மதம் மாற உடன்படாமையாற் கிராட்சு நகரினின்றும் துரத்தப்பட்ட கெப்ளர், பிராக நகரில் அரசவையிலிருந்த டைகோவை அடைந்தார். மறுவருடமே டைகோ இறந்தார். இரண்டாம் ரூடால்பு சக்கரவர்த்தி கெப்ளரைத் தம் கணிதராக நியமித்தார். இங்ஙனம் பிறர் கண்ட காட்சி தெளிவாகக் காணமாட்டாத ஒருவரது கைப்பொருளாயிற்று.

செவ்வாயின் இயக்கத்தை வகுத்தலே அவர் மேற்கொண்ட முதற்பணி. கோள்கள் வட்டத்திலேயே இயங்கும் என்பது ஈராயிரம் ஆண்டாக எவரும் ஐயுறாத கருத்து. கெப்ளரும் அவ்வழியே தொடங்கினார். ஒரே கணக்கை எழுபது முறை திரும்பத் திரும்பச் செய்து ஒரு வட்டத்தை அமைத்தார். செவ்வாயின் திசை மிக நன்றாகப் பொருந்திற்று. ஆனால் அதன் தூரத்தையும் உடன்பொருந்த வைத்தபோது, கணக்கு டைகோவின் காட்சியினின்றும் 8 கலை வேறுபட்டது. ஒரு பாகையின் அறுபதிலொரு கூறு கலை எனப்படும். 8 கலை என்பது நிறைமதியின் அகலத்தில் ஏறக்குறையக் காற்கூறு. பண்டைத் தாலமியின் கணக்கிலே 10 கலை வழு இயல்பாகவே பொறுக்கப்பட்டது. வேறொருவராயின் இதனைப் புறக்கணித்துத் தம் நூலை முடித்து மகிழ்ந்திருப்பர். டைகோ 8 கலை பிழைக்கக் கண்டிரார் என்று தெளிந்த கெப்ளரோ, தம் பல்லாண்டு உழைப்பைத் தாமே அழித்தார். வட்டத்தை விட்டார், முட்டை வடிவை முயன்றார், அதனையும் விட்டார், 1605-இல் நீள்வட்டத்தைக் கண்டார். கோள் நீள்வட்டத்தில் இயங்கும், அதன் குவியங்களுள் ஒன்றில் ஞாயிறு நிற்கும் என்பதூஉம், ஞாயிற்றையும் கோளையும் இணைக்குங் கோடு ஒத்த காலத்தில் ஒத்த பரப்பைக் கடக்கும் என்பதூஉம் 1609-இல் வெளிவந்த அவர் நூலால் உலகறிந்தன.

இதன்பின் துன்பங்கள் தொடர்ந்தன. 1611-ஆம் ஆண்டு அவர்தம் ஆறு வயது மகன் வைசூரியால் இறந்தான். மனைவியாரும் அவ்வாண்டே மறைந்தார். ஆதரித்த அரசரும் முடியிழந்தார். லின்சு நகரிற் குடியேறியபோது, தம் சபையார் விதித்த கோட்பாடு முழுவதற்கும் கையொப்பமிட மறுத்தமையால் அவர்க்குத் திருவிருந்து மறுக்கப்பட்டது. ஒரு சமயத்தார் ஊரைவிட்டுத் துரத்த, மற்றைச் சமயத்தார் கோயிலின் உரிமையை மறுக்க, இருபாலும் இடமின்றி நின்றும் அவர் தம் உள்ளம் ஒவ்வாததை ஒப்பினாரல்லர்.

1615-இல் அவர் அன்னையார் சூனியக்காரி எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். அவர் தந்த பானத்தால் நோயுற்றேன் என ஒருத்தி கூறியதே தொடக்கம்; பின்னர் ஊரார் பலரும் தத்தம் வீட்டுத் தீங்குகளை அவ்வம்மையார்மேல் ஏற்றினர். 1620-இல் எழுபது வயதைக் கடந்த அவ்வம்மையார் சிறையிடப்பட்டுச் சங்கிலியாற் பிணிக்கப்பட்டார். கெப்ளர் தம் வேலையை விட்டுச் சென்று, அவர் பொருட்டு வழக்காடினார். வான்மீனின் நிலையை ஆராய்ந்த முறையாலேயே சாட்சிகளின் உரையையும் ஆராய்ந்தார்: கண்டது எது, கேட்டது எது, வெறுப்பாற் புனைந்தது எது எனப் பகுத்தார், சூனியத்தாலாயின எனப்பட்ட நோய்கட்கு இயற்கைக் காரணம் காட்டினார். உரையளவை ஆப்தன் வாக்காகவே இருத்தல் வேண்டுமென நம்மனோர் கூறும் விதியின் பயனை இவ்வழக்கிற் காணலாம். வதைக்கருவிகளைக் காட்டி அச்சுறுத்தியும் அன்னையார் பொய்க்குற்றத்தை ஒப்பவில்லை. பதினான்கு மாதச் சிறைக்குப்பின் 1621-இல் விடுதலையடைந்து, அடுத்த ஆண்டிலே உயிர்நீத்தார்.

இவ்வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 1618-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள், கெப்ளர் தம் மூன்றாம் விதியைத் தெளிந்தார். கோள் ஞாயிற்றைச் சுற்றுங் காலத்தின் வர்க்கமும் அதன் சராசரித் தூரத்தின் கனமும் எல்லாக் கோளிடத்தும் ஒரே விகிதத்தில் நிற்கும் என்பதே அது. பூமியின் தூரத்தை ஒன்றெனக் கொண்டால் வியாழனின் தூரம் 5.2, அதன் கனம் ஏறக்குறைய 140.6. வியாழன் சுற்றுங் காலம் 11.86 ஆண்டு, அதன் வர்க்கம் ஏறக்குறைய 140.7. இவ்விதியை 1619-இல் வெளியிட்ட நூலின் பிற்சேர்க்கையில், ஆங்கில நாட்டு இராபர்ட் பிளட்டு என்பவரை அவர் மறுத்தார். பிளட்டு அளந்தறியாத எண்களைக் குறியீடாக வைத்து உலகிற்கு இசையமைத்தவர். கெப்ளரோ பொருள்களினிடத்து அளந்து பெற்ற விகிதத்தையே ஏற்றார். இருவரும் எண்ணைப் போற்றினர். பொருளுக்கு விடைசொல்லக் கடமைப்பட்ட எண்ணைப் போற்றியவர் ஒருவரே.

1627-இல் உல்ம் நகரிலே கோட்கணித வாய்பாடுகளை அச்சிட்டு, டைகோவுக்குப் பட்ட கடனைத் தீர்த்தார். தமக்கு வரவேண்டிய ஊதியப் பாக்கியைப் பெறச் சென்றவிடத்து, ரேகன்ஸ்பர்க்கு நகரில் நோயுற்று, 1630-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15-ஆம் நாள் இறந்தார். அவரை அடக்கிய இடம் போரில் அழிந்தது. அவர் முன்னுரைத்தவாறே 1631-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ஆம் நாள் புதன் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லப் பாரிசு நகரத்துக் கசெண்டி என்பவர் கண்டார்.

இனி இவ்வரலாற்றாற் பெறப்படுவதை ஆராய்வாம். அளவை என்னுஞ் சொல் நம் மொழியில் அளத்தற்கும் பிரமாணத்துக்கும் பொதுவாய் நிற்றல் கருதத்தக்கது. ஐந்து உருவம், ஐந்து வெளி என்னும் ஒப்புமை கண்டு காரணங் கற்பித்தது கருதலளவை போலத் தோன்றினும், புகைக்கும் நெருப்புக்கும் உள்ள அவிநாபாவம் இவ்விரண்டற்கும் இன்மையின் ஏதுப்போலியே. 1781-இல் யுரேனசும் 1846-இல் நெப்டியூனும் காணப்படவே, கோள்கள் ஆறென்னும் அடிப்படையும் ஒழிந்தது. காட்சியளவைக்குப் பணிந்து பெற்ற நீள்வட்டமோ நிலைத்தது. அதுவும் முற்றமுடிந்ததன்று, புதனின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை மிகையாய்ப் பெயர்வதை நியூட்டன் விதி விளக்கமாட்டாமையால், 1915-இல் ஐன்ஸ்டைன் கொள்கை வேண்டப்பட்டது.

அற்றேல், வட்டமும் கணிதம், நீள்வட்டமும் கணிதம். கணிதத்தைக் கணிதமே வென்றதன்றிப் பிறிதென்னை எனின், அறியாது கூறினாய். வட்டமும் நீள்வட்டமும் கணிதத்தளவில் ஒத்த தகுதியுடையன, ஒன்றினும் முரணில்லை. அவற்றுள் எது செவ்வாய்க்கு உரியதென எக்கணக்கும் தானே சொல்லவில்லை. செவ்வாய் நின்ற நிலையே சொல்லிற்று. இரண்டனுள் ஒன்றைத் துணிவிப்பது அவ்விரண்டின் வேறாதல் வேண்டும். அவ்வேறாய பொருளே சடமாயினும் உள்பொருளாகிய பிரபஞ்சம். கணித அமைப்புக்கள் எல்லாமே உலகங்களாய் உளவென டெக்மார்க் விடையிறுப்பர். அங்ஙனமே கொள்ளினும், யாம் வாழ்வது அவற்றுள் இன்னதெனத் துணிதற்குக் காட்சியும் காண்பானும் வேண்டும். எண் எண்ணப்படுவது, எண்ணுவதன்று. எண்ணுவான் ஒருவனை விடுத்து எண்ணையே முதலாகக் கொள்ளுதல் பசுவை மறந்து பாசத்தையே பேசுதலாய் முடியும்.

குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். குடத்தின் வடிவும் அளவும் குயவன் கருத்தில் முன்னும் மண்ணிற் பின்னும் உள. ஆயினும் அளவு தானே மண்ணாகாது, தானே வனையாது. உலகளவு முன்பே இறைவன் அறிவில் உண்டென்ற கெப்ளர் இவ்வுண்மைக்கு அணித்தாகவே வந்தார். கோள்களை இயக்குவது அவற்றின் உயிர் என இளமையிற் கூறியவர், 1621-இல் அந்நூலை மீண்டும் பதிப்பித்தபோது உயிர் என்னுமிடத்து விசை எனக் கொள்ளுமாறு குறித்ததும் சடத்தைச் சடமென உணர்ந்த தெளிவே.

இவ்விதிகளால் பதியுண்மை நிறுவப்பட்டதென எவருங் கொள்ளற்க. சிவஞானபோத முதற் சூத்திரம் உலகின் தோற்ற நிலை ஒடுக்கங்களை ஏதுவாகக் கொண்டதன்றிக் கோட்கணக்கை ஏதுவாகக் கொண்டதன்று. நாளை மாறத்தக்க கணக்கின்மேற் சித்தாந்தத்தை நிறுத்துதல் நம் நூலுக்கே இழுக்காம். கெப்ளரிடத்து நாம் கற்பது வேறு. தாம் விரும்பிய கொள்கைக்கும் கண்ட உண்மைக்கும் இடையே 8 கலை வேறுபாடு தோன்றியவழி, விரும்பியதை விடுத்து உண்மையின் பக்கல் நின்ற அவ்வுறுதியே அது. பரபக்கத்தை மறுக்கப் புகுவோர் தம்பக்கத்தும் அவ்வுறுதியை உடையராதல் வேண்டுமென்பது அறிவுடையார்க்கு ஒப்ப முடிந்ததாம்.