நைட்டிங்கேல் அம்மையாரும் மருத்துவச்சிப் பள்ளியும்

நம் சங்கத்துக் குடும்பங்களிற் பிறந்த பெண்மக்கள் செவிலியர் பட்டப்படிப்பிற் சேருவது இக்காலத்தில் ஓர் அதிசயமன்று. ஆயினும் பெண் பார்க்க வருவோர் அப்படிப்பின் பெயரைக் கேட்டவுடன் சற்று மௌனஞ் சாதிப்பதும், பின்னர் இராவேலை உண்டோ என்று வினவுவதும் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஏறக்குறைய 180 ஆண்டுகட்கு முன் இங்கிலாந்திற் பெருஞ்செல்வர் இல்லமொன்றில் இதனினுங் கடிய மௌனம் நிலவிற்று. அவ்வில்லத்துப் பெண்ணாகிய பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கையில் விளக்கேந்திய மாதாக நம்மவர் பலரும் பள்ளிப் பாடத்திற் படித்திருப்பர். ஆதலின் அக்கதையைச் சுருக்கி, அவர் வகுத்த கல்விமுறையையும், அவர் ஆவலோடு திறப்பித்து ஆறாண்டுகளில் மூட நேர்ந்த மருத்துவச்சிப் பள்ளியையும் சிறிது விரித்துரைக்கக் கருதினோம்.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் இத்தாலி தேசத்துப் பிளாரென்ஸ் நகரிற் பிறந்தார். ஊர்ப் பெயரே பிள்ளைக்கும் ஆயிற்று. தந்தையார் வில்லியம் எட்வர்ட் நைட்டிங்கேல் மகளுக்குக் கிரேக்கமும் இலத்தீனும் தாமே கற்பித்தார். கணிதத்தில் அம்மையாருக்கு அடங்காப் பிரியம். இவ்வளவு கற்பித்த தந்தையாரே, 1845-இல் மகள் ஸாலிஸ்பரி ஆஸ்பத்திரியிற் சில மாதம் இருந்து நோயாளர் பணி பழக விடை கேட்டபோது மறுத்துவிட்டார். தாயாரும் தமக்கையாரும் கலங்கி அழுதனர். அவர்களை மட்டும் யாம் குறைகூற மாட்டோம். அக்காலத்து ஆஸ்பத்திரித் தாதியர் பெரும்பாலும் கல்வியற்றவர், குடிப்பழக்கமுடையவர் என்று பெயரெடுத்திருந்தனர். பெற்ற வயிறு பற்றியெரிவது இயல்பே. அம்மையார் ஆறாண்டு பொறுத்திருந்து, 1851-இல் ஜெர்மனியிற் கைஸர்ஸ்வெர்த் என்னும் ஊரில் ஒரு பாதிரியார் நடத்திய நிலையத்தில் மூன்று மாதம் பயின்றார். அவர் முறையாகப் பெற்ற பயிற்சி அநேகமாக அவ்வளவே.

கிரிமியா யுத்தத்தின்போது 1854 நவம்பரில் 38 பெண்களுடன் ஸ்கூட்டாரி பட்டாள ஆஸ்பத்திரி சேர்ந்ததும், அங்கு உழைத்ததும் யாவரும் அறிவர். ஒன்றை மட்டும் சொல்லிச் செல்வோம். அவர் சென்ற பின்னருஞ் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச்சு மாதம் அரசாங்கத்தார் அனுப்பிய சுகாதாரக் குழுவினர் கட்டடத்தின் கீழ் அடைந்து கிடந்த சாக்கடைகளைத் துப்புரவு செய்வித்த பிறகே அது நூற்றுக்கு 2 என்னும் அளவுக்கு இறங்கிற்று. யுத்தம் முடிந்தபின் வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர வல்லுநரோடு அமர்ந்து இக்கணக்குகளை ஆராய்ந்தபோதுதான் அம்மையாருக்கு இதன் உண்மை முழுதும் விளங்கியது. கணக்கைக் கண்டு அஞ்சாமல் அதன் வழிச் செல்லுங் குணம் அன்றே அவருள் வேரூன்றிவிட்டது.

நன்றியறிந்த பொதுமக்கள் திரட்டிய நிதி சுமார் 45,000 பவுன். அதனைக் கொண்டு 1860-ஆம் ஆண்டு லண்டன் ஸெயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியிற் செவிலியர் பள்ளி தொடங்கலாயிற்று. அவ்வாஸ்பத்திரியின் மூத்த ரண வைத்தியராகிய ஸௌத் என்பவர், தாதியர் வீட்டு வேலைக்காரியரை ஒத்தவர், அவர்க்குப் பெரும்படிப்பு வேண்டுவதில்லை என்று முன்னரே எழுதியிருந்தார். அம்மையாரோ நோயுற்றுத் தம் அறையிலேயே கிடந்து, கடித மூலமே பள்ளியை நடத்தினார். நேரிற் பார்த்தவர் வார்ட்ரோப்பர் அம்மையார். பயிற்சி ஓராண்டு. மாணவியர்க்கு உணவு, உடை, உறையுள், ஆண்டுக்கு 10 பவுன் செலவுப்பணம். ஒவ்வொருத்திக்குந் தனியறை. காலந்தவறாமை, அமைதி, தூய்மை, நோயாளர் கூடத்தை ஒழுங்குற நடத்துதல் முதலியவை பற்றி மாதந்தோறும் குறிப்பெழுதப்பட்டது. தனியறையும் நன்னடத்தைக் குறிப்பும் இன்று நமக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கௌரவமான குடும்பத்தார் தம் பெண்ணை நம்பியனுப்ப வழி திறந்தவை அவையே. இப்பள்ளியிற் கற்ற ஆக்னெஸ் ஜோன்ஸ் 1865-இல் லிவர்பூல் ஏழையர் விடுதி வைத்தியசாலைக்குத் தலைவியாகச் சென்று, 1868-இல் அங்கேயே காய்ச்சல் கண்டு உயிர் நீத்தார். அவ்வாண்டே லூஸி ஆஸ்பர்ன் ஐந்து செவிலியருடன் ஆஸ்திரேலியாவிற் சிட்னி நகர் அடைந்தார்.

இனி மருத்துவச்சிப் பள்ளிக்கு வருவோம். நாட்டுப்புற ஏழை மனைவியர் பிரசவத்திற்குப் பயின்ற கைகள் இல்லையென்பது அம்மையாரின் பெருங்கவலை. ஆதலால் நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு, மேரி ஜோன்ஸ் அம்மையாரின் மேற்பார்வையிற் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவக்கூடம் அமைக்கப்பட்டது. கிராமங்களிலிருந்து பெண்கள் வந்து, ஆறு மாதம் பயின்று, தத்தம் ஊர்க்கே திரும்ப வேண்டுமென்பது ஏற்பாடு. ஏற்பாட்டிற் குறை யாதுங் காணோம். கூடமுஞ் சுத்தமானது, மேற்பார்வையுஞ் சிறந்தது. ஆயினும் 1862 முதல் 1867 வரை அங்குப் பிள்ளை பெற்றவருள் ஆயிரத்துக்கு முப்பதின் மேற்பட்டோர் மாண்டனர். இங்கிலாந்து முழுவதுஞ் சேர்த்துப் பார்ப்பின் அவ்வெண் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஐந்தே. குடிசையிற் பெற்றிருந்தாற் பிழைத்திருக்கக்கூடிய தாய், கற்றுக்கொள்ளும் பெண்ணுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்து பிரசவ ஜுரத்திற்கு இரையானாள் என்றே கொள்ள வேண்டும். 1867-இற் கூடம் மூடப்பட்டது.

நன்கொடையாளர் பணத்தில் நடந்த காரியம் தோற்றால், தோல்வியை அடுத்த அறிக்கையில் இரண்டு வரியில் அடக்கிவிடுவது எங்குமுள்ள வழக்கம். சங்கங்கள் நடத்தும் நாமும் அதனை அறியாதவரல்லோம். அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. தம் பள்ளியின் சாவுக் கணக்கைப் பிற ஆஸ்பத்திரிகளின் கணக்கோடும், வீட்டுப் பிரசவக் கணக்கோடும் வரிசையாக வைத்து 1871-இற் புத்தகமாக அச்சிட்டார். பிரெஞ்சு வைத்தியர் லெ போர் திரட்டிய ஐரோப்பியக் கணக்குகளில், ஆஸ்பத்திரிப் பிரசவத்தில் ஆயிரத்துக்கு 34 தாய்மாரும், வீட்டிலே ஐவருக்குங் குறைவாகவும் இறந்தமை அதிற் காட்டப்பட்டது. பெரிய பிரசவ ஆஸ்பத்திரிகளைக் காட்டிலும் ஏழையர் விடுதிகளிற் சாவு குறைந்திருந்ததும் வெளிப்பட்டது. நூலைக் கிரேக்க ஞானி ஸாக்ரடீஸின் தாயாருக்கு அவர் உரிமையாக்கினார். அவ்வன்னை ஒரு மருத்துவச்சி.

வியன்னா நகரில் ஸெம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிணமறுத்த கையோடு பிரசவம் பார்ப்பதே இச்சாவுக்குக் காரணமென 1847-லேயே கண்டு, குளோரின் கலந்த நீரிற் கைகழுவச் செய்து சாவைக் குறைத்திருந்தார். அம்மையாரோ கெட்ட காற்றையே பெரிதும் நம்பியவர். தொற்றுக் கொள்கையை அவர் நெடுங்காலம் ஏற்கவில்லை. எனினும் அவர் சொன்ன பரிகாரங்கள் பெரும்பாலுஞ் சரியாகவே அமைந்தன. பிணவறை சென்று வரும் மாணவர் பிரசவக்கூடத்தை அண்டலாகாது. பெருங்கூடம் வேண்டா, சிற்றறைகளே வேண்டும். ஓர் அறையை உபயோகித்தபின் சிலகாலம் ஒழித்துக் கழுவி ஆறவிட வேண்டும். பயிற்சியைப் பற்றியும் அவர் கருத்து மாறிற்று. ஆறு மாதத்திற் கற்றவள் பிரசவத் தாதியே; மருத்துவச்சி என்னும் பெயருக்கு இரண்டாண்டுக் கல்வி வேண்டுமென்றார். அத்தகைய பள்ளியைத் திறக்க அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

ஒரு விஷயத்தில் யாம் அம்மையார் பக்கம் நிற்க இயலாது. செவிலியர்க்குப் பொதுப் பரீக்ஷை வைத்து அரசாங்கப் பதிவேட்டிற் பெயரெழுத வேண்டுமென்று பெட்போர்ட் பென்விக் அம்மையார் முதலியோர் 1880-களின் பிற்பகுதியிற் கிளர்ச்சி தொடங்கினர். நற்குணத்தைப் பரீக்ஷையால் அளக்கவொண்ணாது என்று நைட்டிங்கேல் அம்மையார் எதிர்த்தார். அதில் உண்மை உண்டு. ஆனால் பதிவேடு இல்லாவிடிற் கற்றவளுங் கல்லாதவளும் ஒரே கூலிக்கு ஒரே பெயரில் நிற்பர், ஏமாறுபவர் நோயாளரே. நியூஸிலாந்து 1901-இலும் இங்கிலாந்து 1919-இலும் அச்சட்டத்தை இயற்றின. மருத்துவச்சியர்க்கான சட்டம் இங்கிலாந்தில் 1902-லேயே வந்தது.

அம்மையார் இந்தியாவுக்கு வந்ததேயில்லை. நம் நாட்டுச் சுகாதாரத்தைப் பற்றி எழுதியதோ மிகுதி. சென்னை எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே தோன்றியது. செவிலியர் கல்வி பல்கலைக்கழகப் பட்டமாக நம் நாட்டில் 1946-இல் டில்லியிலும் வேலூரிலும் தொடங்கிற்று. பிரிட்டனில் எடின்பரோ பல்கலைக்கழகம் இத்துறைக்கு இடமளித்தது 1956-இல். இங்கிலாந்திற் புதிதாகச் செவிலியராவோர் யாவரும் பட்டதாரிகளாயிருத்தல் வேண்டுமென்பது 2013-இல்தான் நிலைபெற்றது. இன்று நம் பெண்கள் பயிலும் நாலாண்டுப் படிப்பிற் பிரசவ மருத்துவமும் ஒரு பாடம்.

முதுமையிற் கண்பார்வை இழந்த அம்மையாருக்கு 1907-இல் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் விருது வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள் தமது 90-ஆம் வயதிற் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்ய இடந்தர முன்வந்ததை உறவினர் ஏற்காது, ஈஸ்ட் வெல்லோ என்னுஞ் சிற்றூரிற் குடும்பக் கல்லறையில் அடக்கஞ் செய்தனர். அக்கல்லிற் பெயரின் முதலெழுத்திரண்டும் பிறப்பு இறப்புக் குறிப்புமே பொறிக்கப்பட்டுள்ளன.