தீராத வயிற்று வலியுடன் அக்காளைத் தேடி வந்தவர்

நள்ளிரவு. கெடிலம் ஆற்றங்கரையில் உள்ள திருவதிகை உறங்கிக் கொண்டிருக்கிறது.

வெள்ளைத் துணி உடுத்திய ஒருவர், துணைக்கு வந்தவர்கள் தாங்கிப் பிடிக்க, தள்ளாடித் தள்ளாடி வருகிறார். அடிக்கு ஒரு தடவை வயிற்றைப் பிடித்துக் கொள்கிறார். ஒரு சிறு மடத்தின் வாசலில் நிற்கிறார். உள்ளே இருப்பவர் அவருடைய அக்காள். அவரை விட்டுப் பிரிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

வந்தவர் யார்? பிற்காலத்தில் அப்பர் என்றும், திருநாவுக்கரசர் என்றும் தமிழ்நாடு போற்றிய மகான்தான் அவர். அப்போது அவருடைய பெயர் தருமசேனர்.

இது நடந்து 1,400 ஆண்டுகள் ஆகின்றன. அந்த வரலாற்றை 12-ம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் விரிவாகப் பாடியவர் சேக்கிழார்.

மூன்று சாவுகள்

இன்று கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி, அண்ணாகிராமம் ஊர்களைச் சுற்றி இருக்கும் பகுதி, அந்தக் காலத்தில் திருமுனைப்பாடி நாடு. அங்கே திருவாமூரில் புகழனார் என்ற வேளாளர் வாழ்ந்தார். மனைவி மாதினியார். மூத்தவள் திலகவதி. அடுத்துப் பிறந்த பையனுக்கு மருள்நீக்கியார் என்று பெயர் வைத்தார்கள்.

திலகவதிக்கு 12 வயதானபோது, கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பெண் பேசி முடித்தார்கள். கல்யாணத்துக்கு முன் அவரைப் போருக்கு அனுப்பிவிட்டான் அரசன்.

அதன்பின் அந்த வீட்டில் இடி மேல் இடி விழுந்தது. புகழனார் நோயில் இறந்தார். கணவர் போனதும் மாதினியாரும் உயிரை விட்டார். அழுத கண்ணீர் காயவில்லை, போர்க்களத்தில் கலிப்பகையார் இறந்த செய்தி வந்தது.

திலகவதி உயிரை விடத் துணிந்தார். தம்பி ஓடிவந்து காலில் விழுந்தான். அப்பா, அம்மா போன பிறகு அக்காளுக்காகத்தான் உயிர் வைத்திருப்பதாகவும், அவரும் போனால் அவருக்கு முன் தானே போய்விடுவதாகவும் கதறினான். அவனுக்காகவே அக்காள் உயிர் தரித்தார்.

வளர்ந்தபின் அவர் அன்னசாலைகள் வைத்தார், தண்ணீர்ப் பந்தல் போட்டார், குளம் வெட்டினார், சோலை வளர்த்தார். இருந்த செல்வத்தை வாரி வழங்கினார். ஊரார் மெச்சினார்கள். மனம் மட்டும் ஆறவில்லை. உலகத்தில் எதுவும் நிலை இல்லை என்ற எண்ணம் அவரைப் பிடித்துக் கொண்டது.

வீட்டை விட்டுப் புறப்பட்டார். இன்றைய கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூருக்குப் போய்ச் சமணத் துறவி ஆனார். அன்று அது பெயர் பெற்ற கல்விக் கூடம். அங்குள்ள நூல்களை எல்லாம் கற்றார். தருமசேனர் என்ற பட்டத்தோடு தலைவர்களில் ஒருவராக உயர்ந்தார். துறவி என்றால் பாசத்தை அறுக்க வேண்டும். வீட்டை நினைத்துக் கலங்கக் கூடாது. பெற்றவர்களை நினைத்து அழக் கூடாது.

அக்காளோ திருவதிகையில் மடம் கட்டிக்கொண்டு, கோயிலைக் கூட்டி மெழுகி, பூத்தொடுத்து, தம்பி திரும்பி வர வேண்டும் என்று இறைவனிடம் வேண்டிக் கொண்டே இருந்தார்.

வயிற்றில் மூண்ட தீ

ஒரு நாள் தருமசேனருக்கு வயிற்று வலி வந்தது. குடலை முறுக்கிப் பிடுங்கும் சூலை நோய்! உடன் இருந்த துறவிகள் மந்திரித்த நீர் கொடுத்தார்கள். மயில் பீலியால் தடவினார்கள். தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தார்கள். வலி ஏறியதே தவிர இறங்கவில்லை.

அந்த வேதனையில் அவருக்கு யார் நினைவு வந்தது தெரியுமா? அக்காள் நினைவுதான்! சமையல்காரனை அனுப்பி அழைத்தார். அந்த இடத்துக்கு வருவதற்கு இல்லை என்று அக்காள் சொல்லி அனுப்பிவிட்டார். துறவுக் கோலத்தைக் களைந்துவிட்டு, சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தை இரவோடு இரவாகக் கடந்து அவரே வந்து சேர்ந்தார்.

சூலையைக் கொடுத்து ஆட்கொண்டது சிவபெருமான் என்பது புராணம். பக்தர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் குறைவில்லாமல் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். சின்ன வயதில் மூன்று சாவைப் பார்த்தவர், அந்தத் துக்கத்தை ஆண்டுக்கணக்கில் உள்ளே பூட்டி வைத்திருந்தவர். பூட்டி வைத்த துக்கம் உடம்பைத் தாக்குமா?

தாக்கும் என்கிறது இன்றைய மருத்துவம். மூளையிலிருந்து வயிற்றுக்கு நீண்ட நரம்பு ஒன்று இறங்குகிறது. குடலின் சுவரில் மட்டும் 10 கோடிக்கு மேல் நரம்பு அணுக்கள் உள்ளன. மனம் கலங்கினால் வயிறு அறிந்து கொள்ளும். பயந்தவன் வயிறு கலங்குவதும், பிள்ளையைப் பறிகொடுத்தவள் பெற்ற வயிறு எரிகிறது என்பதும் வெறும் பேச்சு அல்ல.

இதைக் கண்ணாலேயே பார்த்த டாக்டர் ஒருவர் உண்டு. 1822-ல் அமெரிக்காவில் ஒரு தொழிலாளி வயிற்றில் குண்டு பாய்ந்தது. பிழைத்துக் கொண்டான், ஆனால் வயிற்றில் விழுந்த ஓட்டை மூடவில்லை. வில்லியம் பூமாண்ட் என்ற ராணுவ டாக்டர் அந்த ஓட்டை வழியாகவே இரைப்பையை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். அவன் கோபப்படும்போது உள்தோலின் நிறம் மாறியது, செரிமானம் கெட்டது. 1833-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

அதற்காக எல்லா வயிற்று வலிக்கும் மனதின் மேல் பழி போட்டுவிடக் கூடாது. இரைப்பைப் புண்ணுக்குக் கவலைதான் காரணம் என்று டாக்டர்களே நெடுங்காலம் நினைத்தார்கள். பெரும்பாலும் ஒரு கிருமிதான் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் கண்டுபிடித்தார்கள். 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். வலி தொடர்ந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுவதுதான் முறை. மனத் துயரால் வரும் வலியும் பொய் வலி அல்ல. குடல் உண்மையாகவே இழுத்துப் பிடிக்கிறது.

வாய் திறந்தது

மடத்து வாசலுக்கு வருவோம். தம்பி அக்காளின் காலில் விழுந்தார். சிறு வயதில் விழுந்த அதே காலில்! ஏன் போனாய், ஏன் வந்தாய் என்று அக்காள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூக்கி நிறுத்தினார். திருநீறு கொடுத்தார். விடிவதற்கு முன் கோயிலைக் கூட்டப் போகும்போது தம்பியையும் அழைத்துப் போனார்.

சன்னதியில் அவர் பாடினார். அதுதான் அவருடைய முதல் பதிகம். பாட்டில் தத்துவம் பேசவில்லை. தம் வயிற்று வலியைத்தான் பாடினார். குடலோடு சேர்த்து முடக்குகிறதே, தாங்க முடியவில்லையே என்று முறையிட்டார். எத்தனையோ ஆண்டுகள் அடங்கிக் கிடந்தவர், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். சூலை நீங்கியது. நாவுக்கரசர் என்ற பெயரும் அங்கேதான் கிடைத்தது.

பிறகு பல்லவ அரசன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தான்; கல்லோடு கட்டிக் கடலில் போட்டான். அவர் அஞ்சவில்லை. கையில் உழவாரப் படையுடன் ஊர் ஊராக நடந்து, கோயில்களில் புல் செதுக்கினார், பாடினார். 81 வயது வரை வாழ்ந்து திருப்புகலூரில் மறைந்தார் என்பது வழிவழிச் செய்தி. சூலை நோய் மறுபடி வந்ததாக எங்கும் இல்லை.

திருவதிகைக் கோயிலில் இன்று அப்பருக்குச் சன்னதி இருக்கிறது. திலகவதியாருக்கும் இருக்கிறது.